இரவல் வாய்

ஊசிப்பாளையத்துக்காரர்கள் தங்கள் வலியைத் தங்கள் வாயால் சொல்ல முடியாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பல்வலியில் கன்னம் வீங்கி டீக்கடைக்கு வந்த டைலர் ஒருவனைப் பார்த்துக் கடைக்காரர், "என்னப்பா, மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்குது?" என்று கேட்டார், அவன் வாயைத் திறந்து "சூப்பருங்க" என்றான், சொன்னதும் தானே திடுக்கிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான், இன்னொரு தரமும் சூப்பர் என்றுதான் வந்தது, கடைக்காரர் சிரித்துவிட்டு, தனக்கும் நாலு நாளாக இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஆறுதலாகச் சொல்லப் போனார், அவர் வாயிலிருந்தும் அதே சொல்தான் விழுந்தது. எட்டரைக்குக் கம்பெனிச் சங்கு ஊதுவதற்குள் விஷயம் ஊர் பூராவும் பரவிவிட்டது. பிறகு எல்லோரும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். லீவு கேட்பதற்கு அது ஒரு காரணமாக யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க முடியாது.

அது ஏன் வந்தது என்று ஆராய ஊரில் யாரும் மெனக்கெடவில்லை. சாயத் தண்ணி என்றார்கள் சிலர், அம்மன் கோபம் என்றார்கள் சிலர், செல்போன் டவர் என்றார்கள் இளவட்டங்கள். தெய்வானை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள் வரைக்கும், பதினொரு நாள் மெனக்கெட்டு, அந்தச் சொல்லை நானூறு பேர் வாயில் போட்டுப் பூட்டியவள் அவள்தான்.

தெய்வானை அந்தப் பனியன் கம்பெனியில் மூன்றாவது லைனுக்கு சூப்பர்வைசர். பதினாறு வயதில் டைலர் பக்கத்தில் நின்று துணியைக் கைமடித்துக் கொடுக்க வந்தவள், நூல் பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, ஓவர்லாக் மிஷினில் ஒன்பது வருஷம் உட்கார்ந்து, புருஷன் போன பிறகு மகளைக் கோயமுத்தூரில் நர்ஸிங் சேர்த்து, நாற்பத்தியொரு வயதில் முட்டி இரண்டும் தேய்ந்து, லைனுக்குக் குறுக்கே நடந்து நடந்தே காலம் தள்ளுகிறவள். அவள் லைனில் ஒரிசாவும் பீகாரும் அசாமும் நேபாளமும் வரிசையாக உட்கார்ந்து தைத்தன. சட்டைக்கு ஒருவர் கையை வைத்தால் இன்னொருவர் கழுத்தை வைத்தார், ஆனால் ஒருவர் பேசியது இன்னொருவருக்கு விளங்கியதில்லை.

சரக்கு எடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பி, தொழிலாளிகள் நல்லபடியாக இருக்கிறார்களா என்று விசாரிப்பார்கள். அதற்குப் பெயர் ஆடிட். ஆடிட்டுக்கு முன்னால் பதிலைச் சொல்லிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைப்பது எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். போன வருஷம் தமிழில் சொல்லிக் கொடுத்த பதில் இந்திக்குப் போய், இந்தியிலிருந்து ஒடியாவுக்குப் போய், எட்டு மணி நேர வேலை ஒருத்தி வாயில் பதினெட்டு மணி நேரமாகி, கம்பெனியே ஆட்டம் கண்டுவிட்டது. அதனால் இந்த வருஷம் மேனேஜர் தங்கமுத்து தெய்வானையைக் கூப்பிட்டார்.

"தெய்வானை, போன தடவ நடந்தது நெனவிருக்குதல்லோ? இந்தத் தடவ பிசகுச்சுன்னா ரெண்டு லைனை மூடிப் போடுவாங்க. மொதல்ல மூடறது உன்ற லைனைத்தான்."

தெய்வானை இரண்டு நாள் யோசித்தாள். அவளுக்கு ஒரு ஞாபகம் இருந்தது. சாம்பிள் அறையில் துணியைப் பிரித்துக் காட்டும்போது வெளிநாட்டுக்காரர்கள் என்ன பேசினாலும் நடுவில் ஒரு சொல் மட்டும் அவளுக்குத் தெரிந்த சொல்லாக இருக்கும். ஜெர்மனிக்காரர் அதைக் குளவி இரைகிற மாதிரி ஸூப்பா என்பார். பிரான்ஸ்காரம்மா விளக்கை ஊதி அணைக்கிற மாதிரி உதட்டைக் குவித்து ஸ்யுபேர் என்பாள். ஸ்பெயின்காரர் அதைத் தனியாக விடவே மாட்டார், பின்னால் இன்னொரு சொல்லைக் கோத்து இழுத்துக்கொண்டு போவார். பீகார்க்காரர்கள் கடைசியை உருட்டினார்கள், ஒரிசாப் பெண்கள் முதல் எழுத்தைக் குறுக்கி சுப்பர் என்றார்கள், தமிழர்களோ சாம்பாருக்கும் சூப்பர், சம்பந்தத்துக்கும் சூப்பர், எழவு வீட்டில் போட்ட பந்தலுக்கும் சூப்பர் என்று, முன்னாலும் பின்னாலும் துணையில்லாமல் அந்த ஒரு சொல்லையே முழு வாக்கியமாக்கி எழுந்து போனார்கள். ஜப்பானில் மட்டும் அப்படிச் சொன்னால் மளிகை சாமான் கடைக்கு வழி கேட்பதாக நினைப்பார்கள் என்று வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் பையன் சொன்னான். ஆனால் ஆடிட்டுக்கு ஜப்பான்காரர் வரப்போவதில்லை. அது லத்தீன் என்று ஒரு பாஷையிலிருந்து வந்த சொல், அதை வீட்டில் பேசின ஜனங்கள் எல்லாம் செத்துப் போய் ரொம்ப காலம் ஆகிவிட்டது என்றும் அவன் சொன்னான். செத்தவர்கள் சொல் என்பது தெய்வானைக்கு அப்போது உறைக்கவில்லை.

"ஒரே ஒரு சொல்லுங் சார்," என்றாள் மேனேஜரிடம். "எது கேட்டாலும் அதைச் சொன்னாப் போதும். எல்லா பாஷைலயும் அர்த்தம் ஒண்ணுதானுங்."

பதினொரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் லைன் லைனாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். சாப்பாடு எப்படி, சூப்பர். ஹாஸ்டல் எப்படி, சூப்பர். உடம்புக்கு ஏதாவது, சூப்பர். ஓவர்டைம், சூப்பர். நானூறு பேரும் சோற்றுக் கையோடு கூடவே சொன்னார்கள், சொல்லிச் சொல்லி அது தறி ஓடுகிற சத்தம் மாதிரி ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஆடிட்டர் அம்மா வந்து கேட்டாள், எல்லோரும் சொன்னார்கள், அவள் சந்தோஷமாக ஒவ்வொரு கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுப் போனாள். கம்பெனியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். மறுநாள் காலையில் சொல் வாயை விட்டுப் போகவில்லை.

மற்ற பேச்சு எல்லாம் பழையபடிதான் இருந்தது. கத்தரிக்கோலைக் கொடு என்று சொல்லலாம், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கலாம், பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டலாம், பொய்கூடச் சொல்லலாம். தன் வலி, தன் துக்கம், தன் பயம், தன் பசி, இவற்றைச் சொல்ல வாயைத் திறந்தால் மட்டும் சூப்பர் என்று வந்தது. எழுதிக் காட்டப் போனவர்களின் கையும் அதையே எழுதியது. இல்லை என்று ஆட்டப் போன தலை தானாக ஆமாம் என்று ஆடியது. முகத்தில் வலி தெரியாதா என்றால், தெரிந்ததுதான். ஆனால் நாளெல்லாம் சூப்பர் சூப்பர் என்று காதில் விழுந்துகொண்டே இருந்ததில் ஜனங்களுக்கு முகம் பார்க்கிற பழக்கம் மெல்லக் கழன்றுபோனது.

மூன்றாவது வாரம்தான் ஒரு வழி கிடைத்தது. கல்லடைப்பில் துடித்த, கூலிக்குத் தையல் எடுக்கிற பவர் டேபிள் கான்ட்ராக்டர் ஒருவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு "சூப்பர் டாக்டர், சூப்பர்" என்று அலற, பின்னாலேயே ஓடிவந்த பெண்டாட்டி, "இடுப்புல குத்துதுங்க, ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருதுங்க, மூணு நாளாத் தூங்கலீங்க" என்று மளமளவென்று சொல்லிவிட்டாள். அவள் வாயை எதுவும் தடுக்கவில்லை. தன் வலியைச் சொல்லத்தான் வாய் இல்லை, அடுத்தவர் வலியைச் சொல்ல எல்லோருக்கும் வாய் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

அதன் பிறகு ஊசிப்பாளையத்தில் ஒவ்வொருவரும் ஒரு வாய் வைத்துக்கொண்டார்கள். புருஷனுக்குப் பெண்டாட்டி வாய், மாமியாருக்கு மருமகள் வாய், சண்டை வந்த நாளில் இரண்டு பேரும் ஊமை. "என்ற வாய் சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்குதுங்க, நாளைக்கு வந்துதான் சொல்லோணும்" என்று காய்ச்சலோடு திரும்பிப் போனவர்கள் உண்டு. டாக்டர் வாசலில் 'வாயோடு வரவும்' என்று போர்டு மாட்டினார். பெண் பார்க்கப் போனவர்கள் நகையைக் கேட்பதற்கு முன்னால் பெண்ணுக்கு வாய் யார் என்று கேட்டார்கள். தேர்தலுக்கு வந்தவர் ஜீப்பில் நின்றுகொண்டு, "எப்படி இருக்கீங்க மக்களே?" என்று கேட்க, கூட்டம் ஒரே குரலில் சூப்பர் என்று கத்தியது, அவர் கண் கலங்கிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஆறு மாதத்தில் இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது எதுவும் அந்த ஊரில் இல்லை.

உறவு இல்லாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஹாஸ்டலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்த வெளிமாநிலப் பெண்களுக்கு யார் வாய்? அவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கட்டிங் மேஜைக்கு அடியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற வேஸ்ட் துணியிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்து, எங்கே வலிக்கிறதோ அங்கே கட்டிக்கொண்டார்கள். தலைவலிக்கு நெற்றியில், மணிக்கட்டு வீங்கினால் மணிக்கட்டில், ஊர் ஞாபகம் வந்தால் கழுத்தில். லைனில் உட்கார்ந்து பார்த்தால் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் திருவிழாத் தோரணம் போல இருக்கும். தெய்வானை காலையில் லைனைச் சுற்றி வரும்போது பட்டையைப் பார்த்து மாத்திரை கொடுப்பாள். யார் யாருக்கு எங்கே வலி என்று அவளுக்கு மனப்பாடம்.

அப்படிப் பழக்கமானவள்தான் மினதி. ஒரிசாவில் கோராபுட் பக்கம் ஏதோ மலையடிவாரம், வயது இருபதுகூட நிரம்பவில்லை, தையலில் படு சுத்தம். சேர்ந்த இரண்டாவது மாதம் ஒருநாள் அவள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, லைனுக்கு வந்திருந்த மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அக்காக்கு முட்டி ரெண்டும் வலி. ஓவர்டைம்ல ராத்திரி அழுது. ஸ்டூல் குடு சார்."

முட்டி வலியைப் பற்றித் தெய்வானை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. மகள் கோயமுத்தூரில், வீட்டில் வேறு ஆள் கிடையாது, பட்டை கட்டிக்கொள்ள சூப்பர்வைசர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மேனேஜர் என்ன நினைத்தாரோ, மறுநாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. அன்றைக்குத் தெய்வானை கழிவறைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தனக்கு ஒரு வாய் இருக்கிறது என்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மினதிக்கு வாயாக இருந்தவள் குந்தளா. அதே ஊர்க்காரி, ஐந்து வருஷமாகத் தமிழ்நாட்டில் இருந்து தமிழை நன்றாகவே பேசுகிறவள். ஆனி மாதம் பிறக்கும்போது அவர்கள் ஊரில் பெண்கள் ஊஞ்சல் ஆடுகிற பண்டிகை ஒன்று வரும். மூன்று வருஷமாகப் போகாத குந்தளா அந்த வருஷம் டிக்கெட் போட்டுவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மினதியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தெய்வானை முன்னால் நிறுத்தினாள்.

"அக்கா, நா வர்ற வரைக்கும் இவளுக்கு நீதான் வாய். இவ எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்குவா. நீ பாத்துச் சொல்லணும். சொல்லுவல்ல?"

"நாஞ் சொல்லாம வேற யாரு சொல்லுவா? நீ போயிட்டு வா சாமி," என்றாள் தெய்வானை. மினதி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

குந்தளா போன மூன்றாம் நாள் மினதி தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு வந்தாள். தெய்வானை தொட்டுப் பார்த்தாள், உடம்பு சுட்டது. சூட்டு வலியாக இருக்கும் என்று நீர்மோரும் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் பட்டை இறுக்கமாகக் கட்டியிருந்தது, மினதி சாப்பாட்டைத் தொடவில்லை. "அக்கா, சூப்பர்," என்றாள் உதடு வெளுத்துப்போய். அன்றைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என்று தெய்வானை தீர்மானம் பண்ணிக்கொண்டிருந்தபோது மேனேஜர் எல்லா சூப்பர்வைசர்களையும் கூப்பிட்டார். ஆடிட்டர் அம்மா நாளைக்கே வருகிறாளாம், நாலு மாதம் முன்னதாக.

"இந்தத் துணிப் பட்டையெல்லாம் என்ன கூத்துன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?" என்றார் தங்கமுத்து. "காலைல ஒருத்தி மேல ஒரு பட்டை இருக்கப்படாது. ஒரு மிஷின் காலியா இருக்கப்படாது. தெய்வானை, உன்ற லைன்லதான் ஜாஸ்தி. நீயே அவுத்துரு. ஆடிட் முடியட்டும், வேணுங்கறதைக் கட்டிக்கட்டும்."

அன்று லைன் விட ராத்திரி ஒன்பது ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி நாளைக்கு என்று ஆனது.

மறுநாள் காலையில் தெய்வானை ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு லைனில் முதல் மிஷினிலிருந்து ஆரம்பித்தாள். நெற்றிப் பட்டைகளை அவிழ்த்தாள், மணிக்கட்டுப் பட்டைகளை அவிழ்த்தாள், கழுத்துப் பட்டைகளை அவிழ்த்தாள், அசாம் பெண் ஒருத்தி முலைக்கு மேல் கட்டியிருந்ததை ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு அவிழ்த்தாள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, என்ன சொல்லியிருந்தாலும் சூப்பர் என்றுதான் வந்திருக்கும், வாளி பாதி நிறைந்தபோது பதினேழாவது மிஷினில் மினதி இருந்தாள். மஞ்சள் பட்டை வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. தெய்வானை குனிந்து முடிச்சைத் தேடினாள்.

"ஒரு மணி நேரந்தாங் கண்ணு. அவ போனதும் ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போறேன். உன்ற அக்கா சொல்றேன்."

மினதி அவள் கையைப் பிடித்தாள். தடுக்கப் பிடித்தாளா, தாங்கிக்கொள்ளப் பிடித்தாளா என்பது தெய்வானைக்குத் தெரியவில்லை. முடிச்சு அவிழ்ந்தது. அந்த ஒரு பட்டையை மட்டும் அவள் வாளியில் போடாமல் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

ஆடிட்டர் அம்மா பத்து மணிக்கு வந்தாள், கூடவே மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெண். கேன்டீன் பார்த்தாள், கழிவறை பார்த்தாள், தீயணைக்கிற சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமானது. மூன்றாவது லைனுக்கு வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. மிஷின் மிஷினாக நின்று எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள், ஒவ்வொருத்தியும் சூப்பர் என்றாள், அவள் அவளுடைய ஊர் உச்சரிப்பில் சூப்பர் என்று திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். பதினேழாவது மிஷினில் அவள் நின்றுவிட்டாள்.

மினதி தைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டித் துணி நனைந்திருந்தது, முதுகு வில்லாக வளைந்திருந்தது. ஆடிட்டர் கேட்டாள், மினதி "சூப்பர்" என்றாள், ஆடிட்டர் நகரவில்லை. மறுபடியும் கேட்டாள். மினதி இந்த முறை அவளைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பித் தெய்வானையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, சூப்பர் என்றாள்.

மொழிபெயர்க்கிற பெண் தெய்வானை பக்கம் திரும்பினாள். "மேடம் உங்களைத்தான் கேக்கறாங்க. இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா? என்னன்னு சொல்லுங்க."

ஆடிட்டருக்குப் பின்னால் தங்கமுத்து நின்றுகொண்டிருந்தார். அவர் ஒன்றும் சைகை காட்டவில்லை, கண்ணைக்கூட உருட்டவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது லைன் முழுக்க மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தெய்வானைக்கு மகளின் பரீட்சை ஞாபகம் வந்தது, மூடின லைனில் துணி போர்த்திக் கிடக்கிற மிஷின்கள் கண்ணில் வந்தன, இன்னும் கால் மணி நேரம், கால் மணி நேரத்தில் இவள் போய்விடுவாள், வாசலிலேயே ஆட்டோ நிற்கிறது என்று மனசு கணக்குப் போட்டது. கேட்டது அடுத்தவள் வலியை. வாயைத் திறந்திருந்தால் வந்திருக்கும், வயிறு என்று வந்திருக்கும், மூணு நாள் என்று வந்திருக்கும், கூட்டிட்டுப் போங்க என்று வந்திருக்கும். எட்டு மாதமாக ஊரே சொல்லிக்கொண்டிருந்த சொல்லை, யாரும் பிடித்துத் தள்ளாமல், நாக்கு தானாகப் புரளாமல், அவளே எடுத்துச் சொன்னாள்.

"சூப்பருங் மேடம்."

ஆடிட்டர் டிக் போட்டாள். அவள் நாலாவது லைனுக்குத் திரும்புவதற்குள் மினதி மிஷின் மேல் தலையைச் சாய்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தெய்வானை எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே வலி, எப்போதிலிருந்து, எத்தனை முறை வாந்தி, எவ்வளவு சூடு என்று மூச்சுவிடாமல் சொன்னாள். டாக்டர் கேட்டுக்கொண்டே வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "குடல்வால் வெடிச்சுருச்சும்மா. காலைலயே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கத்தி வைத்தார்கள். மறுநாள் மத்தியானம் வரைக்கும் மினதி தாங்கினாள். இடையில் ஒருமுறை கண் விழித்தபோது தெய்வானை குனிந்து, "எப்படி இருக்குது கண்ணு?" என்று கேட்டுவிட்டாள், கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மினதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தகவல் போய், ரயில் பிடித்து, மினதியின் அப்பா வந்துசேர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் தெய்வானைக்குச் சோறு இறங்கவில்லை. மஞ்சள் பட்டையை எடுத்துத் தன் மேல் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். தலையில் வைத்துப் பார்த்தாள், நெஞ்சில் வைத்துப் பார்த்தாள், வயிற்றில் வைத்துப் பார்த்தாள், எங்கே கட்டுவது என்று தெரியவில்லை. போனில் மகளிடம் சொல்லப் போனாள். "சூப்பரா இருக்கேன்" என்று வந்தது. கோயமுத்தூரில் எட்டு மாதமாக அதைக் கேட்டுப் பழகியிருந்த மகள், "சரிம்மா, படிக்கோணும்" என்று வைத்துவிட்டாள்.

அப்பா குள்ளமான, கறுத்த மனுஷர். துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிணவறை வாசலில் நின்றார். குந்தளா பண்டிகையை விட்டுவிட்டு அவரோடேயே திரும்பி வந்திருந்தாள். கம்பெனி ஒரு வேன் பிடித்துக் கொடுத்திருந்தது. பெட்டியை ஏற்றி முடித்த பிறகு அவர் குந்தளாவிடம் ஏதோ கேட்டார். குந்தளா தெய்வானையைக் கையைக் காட்டினாள்.

"கடைசில என்னாச்சுன்னு கேக்கறாரு. நீதான் வாய். சொல்லு."

தெய்வானை சொன்னாள். முதல் நாள் பட்டையிலிருந்து ஆரம்பித்து, நீர்மோர் கொடுத்ததை, ஆஸ்பத்திரி நாளைக்கு என்று விட்டதை, வாளியை, முடிச்சை, கையைப் பிடித்ததை, ஆடிட்டர் கேட்டதை, தான் சொன்னதை, ஒன்றையும் மறைக்கவில்லை. குந்தளா ஒவ்வொரு வாக்கியமாக ஒடியாவில் சொன்னாள், அவள் குரல் போகப் போகத் தணிந்துகொண்டே வந்தது. அந்த மனுஷர் அழவில்லை, கை ஓங்கவில்லை. தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்த பிறகு நிமிர்ந்து, தெய்வானையின் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இத்தனையும் பண்ணிட்டு இப்ப நீ எப்படி இருக்கேன்னு கேக்கறாரு," என்றாள் குந்தளா.

தெய்வானை அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். தூங்கினால் அந்த முடிச்சு கைக்கு வருகிறது என்று சொல்ல வேண்டும். தண்ணீர் குடித்தால் தொண்டையில் நிற்கிறது என்று, மிஷின் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது என்று, அவளோடு என்னையும் அந்தப் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். மஞ்சள் பட்டையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"சூப்பர்," என்றாள்.

சொல்லிவிட்டுக் குந்தளாவைப் பார்த்தாள். எட்டு மாதமாக இந்த நோயோடு இதே ஊரில் இருந்தவள், எல்லாம் தெரிந்தவள், ஒரு வார்த்தை சொல்லலாம். இது இந்த ஊர் நோய், இவள் செத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரே ஒரு வார்த்தை. அடுத்தவள் வலிதானே, அவள் வாய்க்கு வரும். குந்தளா அந்த மஞ்சள் பட்டையைப் பார்த்தாள். அதைத் தெய்வானையின் கையிலிருந்து எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு உதட்டை மூடிக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த மனுஷர் மொழிபெயர்ப்புக்காகக் குந்தளாவைப் பார்க்கவில்லை. அவர் ஊரிலும் அந்தச் சொல் இருந்தது. "சுப்பர்," என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மகளோடு ஏறி வேன் கதவைச் சாத்திக்கொண்டார்.